என் பெயரில் தம்பி கொடுத்த ரத்தம்

இரும்பை அறுக்கிறவன் ஊசிக்குப் பயப்படுவானா என்று கேட்காதீர்கள். நான் பயப்படுவேன். வெல்டிங் பட்டறையில் பொறி தெறித்து என் கையெல்லாம் தழும்பு, அதற்கெல்லாம் அசைந்ததில்லை. ஊசியைக் கண்டால் மட்டும் கை கால் உதறும்.

பத்து வருடங்களுக்கு முன் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகம் பற்றிய நீண்ட கால ஆராய்ச்சிக்கு வீட்டுக்கு ஒருவரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எங்கள் வீட்டில் என் பெயர் வந்து தொலைத்தது. முதல் முகாமில் நான் மயங்கி விழுந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அடுத்த முறையிலிருந்து, ஆராய்ச்சிக்காரர்கள் என் நம்பர் போட்டுத் தந்த அட்டையை எடுத்துக்கொண்டு தம்பி போனான். இரண்டு பேருக்கும் ஒரே ஜாடை. முகாமில் ரத்தம் எடுக்க வருகிறவர்களும் ஒவ்வொரு தடவையும் புது ஆட்கள்.

"ஒரே அப்பா அம்மாவோட ரத்தம்தானே, யாருகிட்ட எடுத்தா என்ன?" என்பான். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டுவேன்.

நேற்று மதியம் ஆராய்ச்சி நர்ஸ் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"நானூத்தி பன்னெண்டாம் நம்பர் நீங்கதானே? கொஞ்சம் உக்காருங்க. உங்க சிறுநீரகம் ரொம்பக் கெட்டிருக்கு. மூணு தடவையா மோசமாகிக்கிட்டே வருது. ரெண்டு வருஷம் முன்னாடியே லெட்டர் போட்டோமே, வரலையா?"

வந்தது. என்ன எழுதியிருக்குமோ என்ற பயத்தில் பிரிக்காமலே அலமாரிக்கு மேல் எறிந்திருந்தேன்.

முதலில் எனக்காகத்தான் நடுங்கினேன். பிறகுதான் உறைத்தது, அது என் ரத்தமே இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், அதற்காக என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கால் வீங்குதா?" என்றார் நர்ஸ்.

குனிந்து என் காலைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்தினால் எதிரே தம்பி, துளை போடும் மெஷினுக்கு முன்னால். ஒரு மாதமாக அவனுக்கு ஷூ நுழையவில்லை. "தின்னு தின்னு காலும் கொழுத்துப்போச்சு" என்று போன வாரம்கூட அவனைக் கிண்டலடித்தேன். அவன் கணுக்காலில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது.

மெஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? ஊசியா?" என்று சிரித்தபடி நர்ஸிடம் சட்டைக் கையை மடக்கி நீட்டினான். "எங்கிட்ட எடுத்துக்குங்கம்மா. எப்பவும் நான்தான்."

நர்ஸ் கையிலிருந்த தாளையும் அவன் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"உக்காருடா" என்றேன். "இவங்க சொல்ல வந்தது எனக்கில்லடா, உனக்கு."

நர்ஸ் அவனை உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"லெட்டர் வந்துச்சாமே. எங்கண்ணே?"

"அலமாரி மேல கிடக்குடா. இன்னும் பிரிக்கல."