காலியாக ஓடிய சாயங்கால பஸ்

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் சவரிராஜ் சொன்னது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்று முழுவதும் வேறு நினைவு ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'ஐந்தாண்டுத் திட்டங்களின் பயனாகக் கிராமப்புறப் போக்குவரத்தானது...'

[இதை இப்படியே விட்டுவிடுகிறேன். தொடர்ந்தால் நீங்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவீர்கள்.]

இரண்டாவது தொடக்கம்: 'சாத்தூரில் சூரியன் மேற்கே சாய...'

சூரியன் எல்லோர் கதையிலும்தான் சாய்கிறது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: 'குருவம்மாளுக்குப் பஸ் வேண்டும்.' இது நிற்கிறது. இங்கிருந்து போகலாம்.

2

குருவம்மாள் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் ஊர் அச்சங்குளத்துக்கு அப்பால் இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அங்குள்ளவர்கள் கூச்சப்படுவார்கள். அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. காலையில் பால் கொடுத்துவிட்டு வந்தால், சாயங்கால பஸ்ஸில் போய் இறங்கித்தான் மறுபடி கொடுக்க முடியும். பகலெல்லாம் மாமியார் சீனித் தண்ணீர் கொடுத்துச் சமாளிக்கிறாள்.

அந்த பஸ் நின்றுபோனால் அவள் வேலையும் நின்றுபோகும். நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்துவிடும். வேலை நின்றால் அடுப்பு எரிவது கஷ்டம். அவள் புருஷன் செல்லச்சாமிக்கு மழைக்காலத்தில் மட்டும்தான் காட்டுவேலை, அதாவது விவசாயக் கூலி.

(இவளை இன்னும் கொஞ்சம் வாயாடியாக எழுதிப் பார்த்தேன். சவரிராஜ் மறுத்துவிட்டார். "அது வாயே தெறக்காது சார். டிக்கெட் கேட்டாக்கூடக் காசத்தான் நீட்டும்" என்றார். அப்படியே விட்டேன்.)

3

இங்கே கொஞ்சம் கொள்கை பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஒரு தனியார் கம்பெனியுடையது. எந்தத் தடத்தில் ஓடலாம், மைலுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று சொல்வது சர்க்கார். ஏழைகள் ஏற வேண்டும் என்பதால் கட்டணத்தைக் கூட்ட சர்க்கார் சம்மதிக்கவில்லை. அது நியாயம். அந்தக் கட்டணத்தில் கிராமத்துச் சாலையில் ஓடினால் டயருக்குக்கூடத் தேறாது என்றார் முதலாளி. அதுவும் பொய்யில்லை.* ஆகவே சாயங்கால நடையை, அதாவது அந்த வேளை பஸ் ஓட்டத்தை, நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டு அவர் மனுப் போட்டார். அந்த நடையில் உண்மையில் ஆள் ஏறுகிறதா என்று பார்த்து எழுத ஓர் அதிகாரியை அனுப்பினார்கள்.

* முதலாளியை ஈவிரக்கமற்றவராக எழுதினால் கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் டயர் தேய்வது உண்மை. அந்தச் சாலையை நான் பார்த்திருக்கிறேன்.

4

முந்தின நாளே சவரிராஜ் பஸ்ஸில் அறிவித்துவிட்டார். "நாளைக்குப் பெரிய ஆபீசர் வாராரு. நம்ம பஸ்ஸு இருக்கணுமா வேண்டாமான்னு அவரு கையிலதான் இருக்கு. கொஞ்சம் மரியாதையா இருந்துக்கிடுங்க."

மறுநாள் அதிகாரியை அழைத்துவர அவர் ரயிலடிக்குப் போனார். அந்த நேரத்தில் பஸ் நிலையத்தில் நின்றிருந்த ஆபீஸ் பெண்கள் கூடிப் பேசினார்கள். எல்லோருக்கும் மூத்தவள் மூக்கம்மாள்.

"ஏ புள்ளைகளா, பெரிய மனுசரு வாராரு. நம்ம வேர்வையும் தீக்குச்சி மருந்து வாடையுமா அவரு மேல இடிச்சிக்கிட்டு ஏறலாமா? அவரு மூக்கைப் பொத்திக்கிட்டா நம்ம பஸ்ஸு என்னத்துக்கு ஆவும்?"

"அப்ப என்னக்கா செய்ய?"

"ஒரு நாளைக்கு நடந்துருவோம். அவரு தாராளமா காலை நீட்டி உக்காந்து வரட்டும். மனசு குளுந்து எழுதுவாரு."

"ஜன்னலோரமா உக்காரச் சொல்லு" என்றாள் இருளம்மாள். "காத்து நல்லா வரும்."

டிரைவர் நாகையா முன் சீட்டைத் துடைத்துத் தன் புதுத் துண்டை விரித்தார். எல்லோரும் தூக்குவாளியோடு நடையைக் கட்டினார்கள். குருவம்மாளும்தான். எல்லோரும் மரியாதை செய்யும்போது தான் மட்டும் எப்படி ஏறுவது என்று அவள் நினைத்திருக்கலாம்.

5

அதிகாரியின் பெயர் தேவாசீர்வாதம். முதலில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதி சவரிராஜிடம் படித்துக் காட்டினேன்.

"ஏன் சார், அவரு ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாரு? எனக்கு வாழைப்பழம் குடுத்தாரு சார்."

சரி. வாழைப்பழம் கொடுக்கும் அதிகாரி. அவர் வந்து ஏறியபோது பஸ்ஸில் ஈ காக்கை இல்லை.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

சவரிராஜ் காலி சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல ஐயா, நெறைய... நேத்துக்கூட... எங்க போனாகன்னு தெரியல ஐயா."

யாரையும் ஏற்ற வேண்டாம் என்று முதலாளி சொல்லிக்கொடுத்தாரோ, இல்லை நடையைக் காப்பாற்ற இவர் பொய் சொல்கிறாரோ என்று அதிகாரிக்குக் குழப்பம். விஷயம் தெரிந்த நாகையா, செய்த உபசாரத்தைச் சொல்லிக்காட்டலாகாது என்று வண்டியை எடுத்தார். காலி சீட்டுகள் கடகடவென்று ஆடின.

6

ஊருக்குப் பாதி வழியில், சாலையோரம் வரிசையாகப் பெண்கள் நடந்து போவதை அதிகாரி பார்த்தார். நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, பஸ்தான் காலியா வருதே, ஏன் நடக்கிறீங்க?"

மூக்கம்மாள் முந்திக்கொண்டாள். "பகல் முழுக்க உக்காந்தே இருக்கமுல்லா, கால் மரத்துப்போவுது ஐயா. நடந்தா நல்லாருக்கு. நீங்க போங்க. காத்து நல்லா வருதா?"

'உங்களுக்காகத்தான் நடக்கிறோம்' என்று சொல்வது உபசாரத்துக்கு அழகல்ல என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதிகாரி தலையாட்டினார். நடக்கப் பிரியப்படுகிறவர்களுக்கு பஸ் எதற்கு? நாகையா கியரைப் போட்டார்.

[இங்கே கதையை நிறுத்தியிருந்தால் நல்ல சோகக் கதை கிடைத்திருக்கும். பலர் பாராட்டியிருப்பார்கள். ஆனால் நடந்தது அதுவல்ல.]

குருவம்மாள் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மாரில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. (இதை எழுதலாமா என்று யோசித்தேன். பசித்த பிள்ளைக்கு ஆண்டவர் ஏற்படுத்தியது அது. எழுதுவதில் வெட்கம் என்ன?)

"ஐயா, நான் மட்டும் ஏறிக்கிடவா? புள்ள அழுதுக்கிட்டு இருக்கும். ஓரமா நின்னுக்கிடுதேன். ஒங்க மேல பட மாட்டேன்."

அதிகாரிக்கு முதலில் விளங்கவில்லை. "என் மேல பட்டா என்னம்மா? எல்லா சீட்டும் காலிதானே?"

"ஒங்களுக்குன்னுதான ஐயா காலியா விட்டிருக்காக."

மூக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவள வாய் தெறக்கச் சொன்னது ஆரு?"

அதிகாரி கீழே இறங்கினார். புழுதியில் நின்று, பஸ் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஏறுங்க. குழந்தைக்காரி முதல்ல" என்றார். எல்லோரும் ஏறிய பிறகே அவர் ஏறினார். அப்போது உட்கார இடமில்லை. நாகையாவின் புதுத் துண்டின்மேல் குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க நிக்கீகளே ஐயா" என்றாள் இருளம்மாள்.

"பகல் முழுக்க உக்காந்தே இருக்கேன். நின்னா நல்லாருக்கு" என்றார் அதிகாரி.

மூக்கம்மாள் சிரித்த சிரிப்பு அச்சங்குளம் வரைக்கும் கேட்டது என்று சவரிராஜ் சொல்கிறார். அது கொஞ்சம் மிகை.

7

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: சாத்தூரில் ஏறியவர்களைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. அங்கே ஒருவரும் ஏறவில்லை. அதிகாரி நேர்மையானவர், உள்ளதை எழுதுகிறார். நடை ரத்தாகிறது.

மற்றொன்று: அதிகாரி நேர்மையானவர், வழியில் கண்டதையும் எழுதுகிறார். கட்டணமும் ஏறாமல், கம்பெனியும் நொடித்துப்போகாமல், அந்த நடையின் நட்டத்தில் ஒரு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்கிறார்.

எது நடந்தது? சவரிராஜ் என்னிடம் சொன்ன நாள்வரை உத்தரவு வரவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது. குருவம்மாள் தினமும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தாள். எனக்கு அந்தமட்டில் திருப்தி. ஆனால் சிபாரிசு செய்வதோடு ஓர் அதிகாரியின் வேலை முடிந்துவிடுகிறது. சரி என்று சொல்ல வேண்டியது பொதுப்பணத்துக்குச் சொந்தக்காரர்.

அது நீங்கள்தான். நீங்கள் தீப்பெட்டி வாங்கும்போதெல்லாம் அதில் வரியும் கட்டுகிறீர்கள். நீங்கள் ஒருநாளும் ஏறப்போகாத ஒரு பஸ்ஸுக்கு, பார்க்கப்போகாத ஓர் ஊரில், அந்த வரியில் கொஞ்சம் போகலாமா?

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். சாத்தூரில் சாயங்காலம் ஆகிறது. பெண்கள் நிற்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள், நாகையா வண்டியை எடுக்கட்டுமா?