துணி துவைப்பவள் பிள்ளைக்கு ராஜா பெயர்

"உன் அக்கா பையனுக்கு வேற பேரே கிடைக்கலையாடி?" என்று விடுதிக்கார எத்தெனேஷ் அம்மா என்னைக் கேட்டார். நான் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊருக்கும் லாலிபேலா, ஆண்ட ராஜாவுக்கும் லாலிபேலா, என் பேரனுக்கும் லாலிபேலா. இப்ப துணி துவைக்கிறவ புள்ளைக்குமா? வாசல்ல நின்னு கூப்பிட்டா எது ஓடிவரும்?"

காபிக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். இரண்டு குழந்தைகளுக்கும் இன்னும் தலையே நிற்கவில்லை. ஓடி வருமாம்!

அந்தப் பெயரைச் சொன்னது வுபெத் அத்தான். கல் சுமக்கப் போன இடத்தில் பாறை சரிந்து செத்தார். அதற்கு முந்தின வாரம்தான் அக்காவின் வயிற்றைப் பார்த்து, "பையன்னா லாலிபேலா" என்றார். அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

அக்கா பெயர் தெரெஃபெச். வேலைக்கு வந்த அன்றே, "கிழவி பேரா இருக்கு" என்று எத்தெனேஷ் அம்மா அவளை ட்சிகே ஆக்கிவிட்டார். எங்கள் பக்கம் மாமியார் மருமகளுக்குப் புதுப் பெயர் வைப்பதுண்டு. இவர் எங்களுக்கு எந்த வகையில் மாமியார்? பின்கட்டு அறையில் தங்க விட்டாரே என்று வாயை மூடிக்கொண்டோம்.

அடுத்த வாரம் தடுப்பூசி. அக்காவுக்குத் தொட்டி நிறையப் படுக்கை விரிப்புகள். "என் பேரனோட இவனையும் நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார் எத்தெனேஷ் அம்மா. அக்கா உருகிப்போனாள். "பார்த்தியா, நல்ல மனசுதான்டி."

மத்தியானம் குழந்தை புது மஞ்சள் தடுப்பூசி அட்டையோடு திரும்பி வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்; அந்த அட்டைக்கு அது போதும்.

பெயர்: கெப்ரே. ஊழியன் என்று அர்த்தம்.

"அக்கா, இதுல லாலிபேலா இல்ல. கெப்ரேன்னு எழுதியிருக்கு."

"அதுக்கென்ன? கடவுளுக்கு ஊழியன். சாமி பேருதானே!" என்றார் அம்மா. "நீ ஊமைன்னுல்ல நினைச்சேன்! அட்டையில ஏறினது ஏறினதுதான். பிடிக்கலைன்னா ரூமைக் காலி பண்ணுங்க. போ ட்சிகே, விரிப்பெல்லாம் காயணும்."

பாறையைக் குடைந்து கோயில் எழுப்பிய ராஜா, பெயரைப் பூட்டி வைத்துவிட்டா போனார்? ஊருக்கே கொடுத்தவர். இந்த அம்மா அதை எப்போது குத்தகைக்கு எடுத்தார்?

"அவ பேரு தெரெஃபெச். அவன் பேரு லாலிபேலா" என்றேன்.

எத்தெனேஷ் அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அக்கா குறுக்கே வந்து நின்றாள். சோப்பு நுரையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். என்னிடமிருந்து மஞ்சள் அட்டையை வாங்கி, ஓங்கிய அந்தக் கையிலேயே திணித்தாள். பிறகு குழந்தையை முதுகில் சேர்த்து, துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"எங்கடி போற? தொட்டியில கிடக்கறதை எவ அலசுவா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு போனாள்.