ஆர்ட்டிஸ்ட் வீட்டை விட்டுப் போன நிறங்கள்

முதலில் நீலம்தான் போனது. ஒரு திங்கட்கிழமை காலை ஆர்ட்டிஸ்ட்டின் மனைவி முகம் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் குளியலறை வாளி, ஜன்னல் திரை, அவளுடைய செருப்பு வார் எல்லாம் சாம்பலாகியிருந்தன. வாளி உடையவில்லை, திரை கிழியவில்லை, நிறம் மட்டும் இல்லை. அவள் சோப்பைத் திட்டினாள். மறுவாரம் மஞ்சள் போனது. அதற்குப் பிறகு பச்சை, ஜன்னலோரத் தொட்டிச் செடியிலிருந்துகூட. செடி வாடவில்லை, சாம்பல் நிறத்திலேயே புதிதாக இரண்டு இலை விட்டது. பயந்துபோய்க் கண் டாக்டரிடம் காட்டினாள். அவர் சந்தேகம் தீர வீட்டுக்கே வந்து பார்த்தார். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. கோளாறு வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு, சாம்பல் கோப்பையில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் தெருவே ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிட்ட அவள் கணவர் விளம்பர நிறுவனம் ஒன்றில் வெகுகாலம் படம் வரைந்தவர். சோப்பு, பிஸ்கட், டானிக் எதை வரைந்தாலும் பார்க்கிறவர்களுக்கு நாக்கு ஊறும். தலைவலி மருந்தை வரைந்தபோது தலைவலி இல்லாதவர்களும் போய் வாங்கினார்கள். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு குறை. ஞாபகத்திலிருந்து ஒரு நிறத்தைக் கலக்க வராது. கண்ணெதிரே சாமான் இருக்க வேண்டும். அதனால் தலையணை உறை, தட்டு, துண்டு என்று வீட்டிலிருந்து எதையாவது அள்ளிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். ஒருமுறை அவள் குடித்துக்கொண்டிருந்த காபியையே பாதியில் பிடுங்கிப் போனார். முகத்துக்கும் அதே கதைதான். அவர் வரைந்த பெண்கள் எல்லாருக்கும் அவள் முகம். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே பல் தேய்த்தாள், அவளே குழந்தைக்கு டானிக் ஊட்டினாள், அவளே கூந்தலை உதறிச் சிரித்தாள். பொறாமைப்பட அவளுக்கு அவர் வாய்ப்பே வைக்கவில்லை.

நீலம் போவதற்குச் சில நாள் முன்பு, ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த தன்னுடைய பழைய பிஸ்கட் பலகையை அழித்துவிட்டு அதே இடத்தில் பற்பசையை வரைந்து முடித்தார் ஆர்ட்டிஸ்ட். சாரத்திலிருந்து இறங்கியபோது கீழே ஒரு வயதானவர் கையில் பையுடன் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, பிஸ்கட்டுக்குப் பின்னாலதான் என் வீடு. பிஸ்கட்டைக் காணோமே?" என்று கேட்டார். காலையிலிருந்து அங்கேயே நிற்கிறாராம். ஆர்ட்டிஸ்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பலகைக்குப் பின்னாலிருந்த அடுக்குக் குடியிருப்புக்குள் நுழைந்தார். அங்கே தனியாக வாழும் வயதானவர்கள் நிறைய பேர். மாடிக்கு மாடி ஒரே மாதிரியான கதவுகள், ஒரே மாதிரி சுண்ணாம்பு வெள்ளை. ஞாபகம் தடுமாறுகிறவர்கள் அடுத்தவர் பூட்டில் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆர்ட்டிஸ்ட் வேலையை விட்டார். அன்றிலிருந்து தினமும் அங்கே போனார்; பல்பு மாற்றினார், மருந்து வாங்கி வந்தார், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார், கேட்டவர்களுக்குக் கேட்ட நிறத்தில் கதவு தீட்டினார். ஒரு காசு வாங்கவில்லை.

நீலம் எங்கே போயிற்று என்று கண்டுபிடித்து வந்து சொன்னது அவள் தங்கைதான். "அக்கா, உன் வாளி நீலத்தைப் பாத்துட்டேன்! முதல் மாடியில மூணாவது கதவு. அச்சு அசல் அதேதான். அத்தான் வீட்டையே பெயர்த்துக் கொடுத்துட்டு வர்றாரு, நீ இங்க உக்காந்து சோப்பைத் திட்டிட்டிருக்கே!"

அன்று சாயங்காலம் கேட்டபோது ஆர்ட்டிஸ்ட் தலையைச் சொறிந்தார். அவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. காலையில் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு, பார்த்த சூட்டோடு ஓடிப்போய்க் கலக்குவதுதான். "சரியா அமைஞ்சுட்டா அதுவா அங்க வந்துடுது. நான் என்ன செய்ய?"

"வந்தா திரும்பிப் போகச் சொல்லுங்க."

நிறம் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைத்தான் தாங்க முடியவில்லை. "இன்னிக்கு ரெண்டாம் மாடி ஐயா தானா வீடு வந்து சேர்ந்துட்டாரு!" என்று சொல்லும்போது அப்படி ஒரு வெளிச்சம். அவள் ஜுரத்தில் கிடந்து எழுந்தபோது அந்த முகத்தில் அது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. ரெண்டாம் மாடி ஐயாமேல் பொறாமைப்பட்டாள், பல்புமேல் பொறாமைப்பட்டாள், ஆஸ்பத்திரி வரிசைமேல் பொறாமைப்பட்டாள். வயிற்றில் எரிந்த எரிச்சலில் மோர் டம்ளரைக் கையில் எடுத்தால் வெதுவெதுப்பாகிவிடும். எல்லாம் சாம்பலான வீட்டில் மிச்சமிருந்தது சிவப்பு ஒன்றுதான். அதுவும் ஒரே ஒரு சால்வையில். கல்யாணமான புதிதில் மழையில் நனைந்து வந்தவளுக்கு அவர் போர்த்திவிட்ட சால்வை. அதை அவள் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பார்க்காமல் அவரால் கலக்க முடியாது. எனவே சிவப்பு பத்திரம். அவள் போட்ட கணக்கு அப்படி.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், பூச்சி அரித்துவிட்டதோ என்று பெட்டியைத் திறந்து பார்த்தாள். சால்வை சாம்பலாகக் கிடந்தது. அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். குடியிருப்புப் படிகளில் ஏற ஏற, தன் துணிமணி அடுத்த வீட்டுக் கொடியில் காய்வதைப் பார்ப்பதுபோல் இருந்தது. இது வாளி. இது மேசை விரிப்பின் மஞ்சள். இது செடியின் பச்சை, தளிர் நிறம்கூட விடாமல். மூன்றாம் மாடிக் கோடியில் அவளுடைய சிவப்பு நின்றது.

அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் ஆயுசெல்லாம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். குடியிருப்பில் அவளுக்கு டெலிபோன் அம்மா என்று பெயர். அவளுக்குப் பின்னால் நின்று ஆர்ட்டிஸ்ட் பொறுமையாகத் தலை வாரிக்கொண்டிருந்தார். எண்பதானால் என்ன, எரிகிற வயிறு வயசு பார்க்குமா? இத்தனை வருஷத்தில் தன் தலையில் சீப்பு வைத்திருப்பாரா இந்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டே நிலைப்படியைத் தாண்டினாள்.

"யாரும்மா அது? லைன்ல இருக்கியா?" என்றாள் டெலிபோன் அம்மா.

"இருக்கேன். இன்னும் கட் பண்ணல" என்றாள் இவள், கணவரைப் பார்த்து.

ஆர்ட்டிஸ்ட் சீப்பைக் கீழே வைத்தார். "நீ எங்க இங்க?"

"என் சிவப்பைத் தேடி வந்தேன். பெட்டிக்குள்ள பூட்டியில்ல வச்சிருந்தேன்? எப்பத் திறந்து பாத்தீங்க?"

"பாக்கல."

"பாக்காம உங்களுக்குக் கலக்க வராதே!"

"வராதுதான்." அவரே அதை நம்ப முடியாதவர்போல் தன் கையைப் பார்த்தார். "அவங்க சிவப்பு கேட்டாங்க. நீ அன்னிக்கு நனைஞ்சு வந்து நின்னியே, அதை நெனச்சேன். தானா கூடி வந்துடுச்சு."

இதற்கு அழுவதா, அறைவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் அவர் ஞாபகத்திலிருந்து கலந்த ஒரே நிறம் அவளுடையது. அதைக் கொண்டுவந்து யார் வீட்டிலோ தீட்டியிருக்கிறார். டெலிபோன் அம்மா நடுவில் புகுந்து, "நல்ல கதவும்மா. இது வந்ததுலேர்ந்து ஒருநாள்கூட நான் தொலைஞ்சு போகல" என்றாள். கிழவியைத் திட்ட வாயெடுத்தவள் மென்று விழுங்கினாள். சிவப்பைத் திருப்பிக் கேட்கவில்லை.

"நாளைக்கு நீங்க இங்க வரல" என்றாள் அவரிடம். "நம்ம வீட்டுக் கதவுக்கு அடிக்கறீங்க."

"வீட்லதான் ஒரு கலரும் இல்லையே. எதைப் பாத்துக் கலக்கறது?"

"என்னைப் பாத்துக் கலங்க."

மறுநாள் காலை அவள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆர்ட்டிஸ்ட் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து அவளையே பார்த்தார். விளம்பரத்துக்காக அல்லாமல் இவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்ததில்லை. மூக்கு விடைத்திருந்தது, கன்னம் கொதித்தது, கண்ணில் ரெண்டாம் மாடி ஐயாவிலிருந்து அந்தச் சீப்பு வரைக்கும் அத்தனையும் எரிந்தது. அவர் எதையும் விட்டுவிடாமல் கலந்தார். கிண்ணத்தில் வந்த நிறம் பச்சையுமில்லை, ஆரஞ்சுமில்லை. தெருவில் யாருக்கும் அதற்குப் பெயர் தெரியவில்லை. பெயின்ட் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, இது எங்களிடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். கீழிருந்து மேலாக அவர் ஒவ்வொரு பட்டையாக இழுக்க இழுக்க, அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குளிர்ந்துகொண்டே வந்தது. தாழ்ப்பாள் உயரம் வந்ததும் சட்டென்று எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். மீதி எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் பிரஷ்ஷைக் கழுவினார்.

அதற்குப் பிறகும் ஆர்ட்டிஸ்ட் தினமும் குடியிருப்புக்குப் போகிறார். வாரத்தில் சில நாள் அவளும் போகிறாள், தலை வாரும் வேலை இப்போது அவளுடையது. அவர்கள் வீட்டுக் கதவு கீழ்ப்பாதி மட்டும் நிறத்தோடு நிற்கிறது. அதன் முன்னால் அதிக நேரம் நிற்பது நல்லதல்ல. தபால்காரருக்கு ஒருமுறை சக ஊழியரின் சைக்கிள்மேல் காரணமில்லாமல் பொறாமை வந்தது. தங்கை கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அக்காவின் மூக்கு தனக்கு வாய்க்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளத் தொடங்கினாள். இப்போது எல்லாரும் கொல்லைப்புறமாக வருகிறார்கள். ஆர்ட்டிஸ்ட் வீடு திரும்பத் தாமதமாகும் நாட்களில் அந்த நிறம் தாழ்ப்பாளைத் தாண்டி மெல்ல மேலே ஏறும். அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். அது ஏறுவதைப் பார்த்துத்தான், நேரமாகிவிட்டது என்று எதிர்வீட்டில் அடுப்பை அணைக்கிறார்கள்.