கோப்பியின் தலையாட்டம்

கோப்பிக்கு முதன்முதலில் தலை ஆடியது ஒரு சனிக்கிழமை காலை. சாலாக் செலாத்தானில் தன் வீட்டு முன்வாசலில் ஹென்றி கார் கழுவிக்கொண்டிருந்தார். கோப்பி ஐந்து வயது பாக்ஸர் நாய், பால் விடாத காப்பியின் நிறம். நிழலில் படுத்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தது. ஹென்றி தற்செயலாகத் திரும்பியபோது அதன் தலை மட்டும் இடமும் வலமுமாக வேகவேகமாக ஆடியது. யாரோ கேட்ட கேள்விக்கு இல்லை இல்லை என்று பதில் சொல்வதுபோல இருந்தது. கழுத்துக்குக் கீழே ஓர் அசைவும் இல்லை.

"என்னடா?" என்று ஹென்றி கேட்டார். தலை ஆடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பாசாரிலிருந்து அவர் மனைவி சூசன் வந்தார். பார்த்ததும் காய்கறிப் பையைத் தரையில் போட்டார்.

"வலிப்புங்க இது."

கைப்பையைக் கவிழ்த்து, வீட்டுச் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து, நாயின் முன்னங்கால்மேல் வைத்து அழுத்தினார். கோப்பி குனிந்து சாவியை முகர்ந்தது. ஆட்டம் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்றார் சூசன்.

ஹென்றி மறுக்கவில்லை. ஆனால் அவர் முப்பது வருடம் ரயில் சிக்னல்களில் பழுது பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். சாவி நிறுத்தியதா, முகர்ந்ததால் நின்றதா என்ற கேள்வி அவரை விடவில்லை.

அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கால்நடை மருத்துவர் மதுமிதாவிடம் கொண்டுபோனார்கள். அங்கே கோப்பிக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டரின் மணிக்கட்டை நக்கியது, எடை பார்க்கும் மேடையில் தானாக ஏறி நின்றது. டாக்டர் காதுக்குள் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்.

"பாக்ஸர், புல்டாக், டாபர்மன் இந்த மாதிரி சில ஜாதிகளுக்குத் தலை மட்டும் ஆடுற ஒரு கோளாறு உண்டு. பாக்க வலிப்பு மாதிரியே இருக்கும், ஆனா வலிப்பு கிடையாது. இவனுக்கு எதுன்னு நான் பாக்காம சொல்ல மாட்டேன். அடுத்த தடவ வந்தா வீடியோ எடுங்க அங்கிள். பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ணு உங்க பக்கம் வருதான்னு பாருங்க. சாப்பிட எதையாச்சும் மூக்குக்கு முன்னால காட்டுங்க. வாயில வைக்காதீங்க. சாஞ்சு விழுந்து, கைகால் வெறச்சு, கூப்பிட்டா தெரியலன்னா அது வேற விஷயம். உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

ஹென்றிக்கு இது போதுமாக இருந்தது. ஒரு பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வேலைப் பழக்கம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார், ஒவ்வொரு தடவையும் வீடியோவும் எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை தூங்கி எழுந்ததும் தலை ஆடியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் அவர் பக்கம் வந்தது, ஆட்டம் நிற்கவில்லை. புதன்கிழமை சாவிக்குப் பதிலாக மரக்கரண்டியை நீட்டினார். முகர்ந்தது, நின்றது, கரண்டியில் ஒன்றும் இல்லையென்று தெரிந்ததும் மறுபடி ஆடியது. வியாழக்கிழமை வேகவைத்த கோழித்துண்டு. அதைத் தானாகவே கவ்வித் தின்று முடிக்கிற வரைக்கும் தலை கல்மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை அவர் எதையும் நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு மணியை மட்டும் பார்த்தார். மூன்று நிமிடம் இருபது விநாடியில் தானாக நின்றது.

சூசன் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அன்று வேலை முடிந்து உள்ளே நுழைந்தபோது கடைசி ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டார்.

"அது அப்படித் துடிக்குது, நீங்க படம் எடுத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"சும்மா விட்டாலும் நிக்குதான்னு பாத்தேன் சூசன். நிக்குது."

"உங்க சாவி ஆணியிலதானே தொங்குது. எடுத்து வச்சா என்ன கொறஞ்சு போயிடும்?"

"சாவியால நிக்கல. மரக்கரண்டிக்கும் நின்னுச்சு. கோழிக்கு இன்னும் நல்லா நின்னுச்சு."

சூசன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாக இருக்கிறார் என்று ஹென்றி நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது.

சூசனுக்கு ஒரு தம்பி உண்டு, ஐவன். அவருக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது என்பது ஹென்றிக்கும் தெரியும். அதற்குமேல் அந்தக் குடும்பத்தில் யாரும் பேசியதில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் கழித்து இப்போதுதான் சூசன் சொன்னார். அப்போது அவர்கள் கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். தம்பிக்கு எட்டு வயதில் முதல் தடவை வந்தது. அக்காவுக்குப் பதினொன்று. அம்மா ஓர் இரும்புச் சாவியை ரிப்பனில் கோத்து சூசன் கழுத்தில் மாட்டிவிட்டார். தம்பிக்கு வந்தால் உடனே கையில் வைத்துவிடு, வேறு யாருக்கும் சொல்லாதே என்றார். பள்ளிக்கூடத்தில், திடலில், பஸ்ஸில் எங்கேயும் அவள்தான் காவல்.

"ஒரு ஞாயித்துக்கெழம புது கவுன் போட்டேன். ரிப்பன் வெளிய தெரியுதுன்னு கழட்டி வச்சிட்டுப் போயிட்டேன். சர்ச்சுல பூச நடக்கும்போது வந்துடுச்சு. பெஞ்சு முனையில வாய் மோதி முன்பல்லு ரெண்டும் போச்சு. அம்மா என்னய ஒரு வார்த்த கேக்கல. கேட்டுருந்தா பரவாயில்ல."

"ஐவனையே கேட்டா என்ன?" என்றார் ஹென்றி.

"எத?"

"கோப்பிக்கு வர்றது அதுதானான்னு."

"அவன்கிட்டப் போயி, நாய்க்கு ஒன் வியாதி வந்திருக்கான்னு கேக்கச் சொல்றீங்களா?"

ஹென்றி அதோடு விட்டுவிட்டார். ஆனால் மறுநாள் காலை சூசனே போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "நாளைக்கு வரானாம். வீடியோவெல்லாம் வேணாம், நேர்ல பாக்கணுங்கிறான்" என்றார்.

ஐவனுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. கிள்ளானில் ஓர் அச்சகத்தில் வேலை. மாத்திரை தவறாமல் போடுகிறவர், பன்னிரண்டு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. இருந்தாலும் கார் ஓட்டுவதில்லை. கொம்யூட்டர் ரயிலில் ஏறி, நடுவில் ஒரு தடவை மாறி, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார்.

சாப்பாடு முடிந்தது. கோப்பி மேசைக்கடியில் தூங்கியது. மூன்று பேரும் உட்கார்ந்து நாயைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"ஆள் பாக்க வந்திருக்குன்னு தெரிஞ்சா வராது மச்சான். பல் டாக்டர்கிட்டப் போனதும் காணாமப் போற பல்லுவலி மாதிரி" என்றார் ஐவன்.

மூன்றரை மணிக்கு நாய் எழுந்து கொட்டாவி விட்டது. உட்கார்ந்தது. தலை ஆட ஆரம்பித்தது. சூசன் சேலைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஐவன் மெதுவாக இறங்கித் தரையில் அதன் எதிரே மண்டியிட்டார். தொடவில்லை. "கோப்பி" என்றார். நாய் அவரைப் பார்த்தது, குட்டை வால் தரையில் இரண்டு தடவை தட்டியது, தலை மட்டும் தன்பாட்டுக்கு ஆடியது. அது நிற்கும்வரை அவர் அதன் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"இது அது இல்லக்கா."

"எப்படிச் சொல்ற?"

"இவன் இங்கதான் இருக்கான். என்னப் பாக்குறான், வாலாட்டுறான். எனக்கு வரும்போது நான் இருக்கவே மாட்டேன். மொதல்ல ரப்பர் எரியிற மாதிரி ஒரு வாசம் வரும். அடுத்து, நான் தரையில கெடப்பேன், நீ பக்கத்துல இருப்ப. நடுவுல ஒண்ணும் கெடையாது. இருட்டுகூட கெடையாது."

சூசன் கேட்டார். "நான் சாவி வப்பேனே, அது தெரியுமா?"

"வக்கிறது தெரியாது. முழிச்சா உள்ளங்கையில சாவி அச்சு இருக்கும். அதப் பாத்துதான் வந்துட்டுப் போயிருக்குன்னு புரிஞ்சுக்குவேன்."

"அதுனால நிக்கலையா?"

"தானா வரும், தானா போவும்க்கா. ஒவ்வொரு டாக்டரும் அதத்தான் சொன்னாங்க. நீ வச்சாலும் அதே நேரந்தான், வக்காட்டியும் அதே நேரந்தான்."

"அப்ப அன்னிக்கு சர்ச்சுல..."

"பல்லா? பெஞ்சு பக்கத்துல இருந்துச்சு, ஒடஞ்சுது." சொல்லிவிட்டு ஐவன் அக்கா முகத்தைப் பார்த்தார். "நீ அத இத்தன வருசமா மனசுல வச்சிருந்தியா?"

சூசன் எழுந்து தேநீர் போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனார். ஐவன் பின்னாலேயே போனார். ஹென்றி நாயோடு முன்னறையில் இருந்துவிட்டார். உள்ளே முதலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு சூசனின் குரல் கேட்டது, ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னொன்றாக. வலிக்குமா? நாங்கள் கூப்பிடுவது கேட்குமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? மாத்திரை போட்டால் தூக்கம் வருமா? ஐவன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஓர் இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று ஹென்றிக்குக் கேட்கவில்லை. ஐந்து மணி ரயிலுக்குப் புறப்பட வேண்டியவர் ஏழரை மணி ரயிலில் போனார்.

திங்கட்கிழமை டாக்டர் மதுமிதா நான்கு வீடியோவையும் பார்த்தார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது.

"வலிப்பு மாதிரி தெரியல. தலை மட்டும் ஆடுற கோளாறுதான்னு நெனக்கிறேன். நூத்துக்கு நூறு சொல்லணும்னா ஸ்கேன் எடுக்கணும், இப்போதைக்கு அவசியமில்ல. மருந்தும் வேணாம். கொஞ்ச நாள் வரும், போயிடும், திரும்பவும் வரலாம். ஏதாச்சும் மாறுச்சுன்னா கூப்பிடுங்க."

"அவனுக்கு உள்ள எப்படி இருக்கும் டாக்டர்?" என்று சூசன் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது ஆன்டி. இவனக் கேக்க முடியாதே."

தலையாட்டம் மேலும் மூன்று வாரம் இருந்தது. பிறகு நின்றுபோய், இரண்டு மாதம் கழித்து ஐந்தாறு நாள் தலைகாட்டிவிட்டுப் போனது. அந்த ஐந்தாறு நாளும் ஹென்றிதான் மணி பார்த்து எழுதினார். சூசன் கிள்ளானில் தம்பி வீட்டில் இருந்தார், பள்ளிக்கு விடுமுறை. போனில் விஷயம் தெரிந்தும் பதறி ஓடி வரவில்லை.