சாக மட்டுமே தெரிந்த நடிகர்

டெல்மர் கிராஃப்ட் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக முகம் காட்டியது ஒரு அம்புலன்ஸ் தொடரில். ஸ்ரெச்சரில் கிடந்து சாகிற நோயாளி வேடம். வசனம் கிடையாது. ஆனால் அவர் செத்த விதத்தைப் பார்த்து ஒளிப்பதிவாளர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். அதுதான் வினையாகிப் போனது. அடுத்த தொடரில் கலியாணத்துக்கு முதல்நாள் சுடப்படுகிற பொலிஸ்காரர். அதற்கடுத்ததில் ஒரு இளம் டொக்டர். இரண்டு வருடம் நடித்தார், பார்வையாளர்களுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது, ஆகவே லிஃப்ட் இல்லாத லிஃப்ட் கிடங்குக்குள் தள்ளிவிட்டார்கள்.

பிறகு சினிமா. சுறா தின்றது, பனிச்சரிவு மூடியது, தேனீக்கள் துரத்திக் கொட்டின. ஒரு படத்தில் அவர் வரும்போதே பிணம்; பழைய கதையைக் காட்டுகிறோம் என்று சொல்லி, நடுவில் இன்னொரு தடவையும் சாகடித்தார்கள். ரோபோவாக நடித்த படத்திலாவது தப்பிவிடலாம் என்று நினைத்தார். பற்றறி தீர்ந்துபோனது.

ஐம்பத்தைந்து வயதில் அவருடைய பெயர் யாருக்கும் நினைவில்லை, முகம் எல்லோருக்கும் நினைவிருந்தது. விமான நிலையங்களில் ஆட்கள் மறித்து, ஒருக்கால் விழுந்து காட்டச் சொல்வார்கள். நல்ல மனிதர், மறுக்க மாட்டார். கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு விழுவார். அவருக்கிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் உயிரோடு நிற்கிற ஒரு வேடம்.

அவர் இத்தாலியிலுள்ள பலெர்மோவுக்கு வந்ததும் சாகத்தான். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் கலியாண விருந்துக் காட்சி. அமெரிக்காவிலிருந்து வந்த மாமா வேடம், அவருடைய கிண்ணத்தில் விஷம். தயாரிப்பாளர்கள் மொண்டெல்லோவில் கடலைப் பார்த்த ஒரு வீட்டை அவருக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். வசந்தகாலம், கடற்கரையில் இன்னும் கூட்டமில்லை. வீட்டைத் துப்புரவாக்க வாரத்தில் மூன்று நாள் செல்வமலர் வந்தாள்.

செல்வமலர் மன்னார் பேசாலைக்காரி. பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். கணவன் ஸ்ரான்லி அங்கேயே ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. முதல் நாள் அவள் கதவைத் திறந்தபோது குசினித் தரையில் ஒரு வெள்ளைக்காரர் கண்களை மேலே செருகிக்கொண்டு கிடந்தார். வாயோரத்தில் நுரை. அவள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவருடைய முகத்தில் ஊற்றினாள். டெல்மர் எழுந்து உட்கார்ந்து, அது பற்பசை நுரை என்றும், தான் ஒத்திகை பார்த்ததாகவும் விளக்கினார். அவளுடைய ஆங்கிலமும் இத்தாலியனும் கலந்த பாஷையில் அவள் கேட்டது, நாளைக்கு வேறு அறையில் சாக முடியுமா, குசினியை முதலில் துடைக்க வேண்டும் என்பதுதான்.

அதன்பிறகு இருவருக்கும் ஒத்துப்போனது. அவர் படுக்கையறையில் கிடந்தால் அவள் குசினியைத் துடைத்தாள். விறாந்தையில் கிடந்தால் காலை மட்டும் மடக்கச் சொல்லிச் சுற்றித் துடைத்தாள். தேநீர் குடிக்கும்போது அவர் தன் மரணங்களைச் சொல்லுவார். சுறாவின் கதையைக் கேட்டு அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். பெரிய வாரம் நெருங்கியபோது அவரும் அவளுடைய கவலையைக் கேட்டார்.

அவளுடைய கவலை நாடகம். கோயில் பங்கிலுள்ள தமிழர்கள் வருடாவருடம் போடுகிற, இயேசு கல்லறையிலிருந்து உயிர்த்தெழுகிற உயிர்ப்பு நாடகத்துக்கு அவள்தான் இயக்குநர். நாடகத்தை உயிர்ப்பு ஞாயிறன்று போடுவதில்லை, அடுத்த ஞாயிறுதான். உயிர்ப்பு ஞாயிறன்று பாதிச் சீடர்கள் உணவகங்களில் தட்டுக் கழுவிக்கொண்டு நிற்பார்கள். இந்த முறை கல்லறையைக் காவல் காக்கும் உரோமைச் சேவகனாக நடிக்கவிருந்த றமேஸுக்கு அந்த ஞாயிறும் வேலை விழுந்துவிட்டது. ஈட்டியும் செம்பட்டுப் போர்வையும் இருந்தன, ஆள் இல்லை.

டெல்மர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தச் சேவகன் சாவானா என்று கேட்டார்.

சாக மாட்டான், வானதூதரைக் கண்ட பயத்தில் முழங்காலில் நிற்பான், நாடகம் முடியும்வரை நிற்பான் என்றாள் செல்வமலர். வசனம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். சம்பளம் என்ன என்று அவர் கேட்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. செல்வமலர் அதைப் பற்பசை எரிவு என்று நினைத்தாள்.

ஒத்திகைகளுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றவர் அவர்தான். பங்கு மண்டபத்தின் நடுவில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு, அப்படி ஒரு உயிரோடு நின்றார். இயேசுவாக நடித்த றொனி, பொலித்தேயாமா அரங்குக்குப் பக்கத்தில் பீட்சா போடுகிறவன். இந்த ஆள் சும்மா நிற்பதையே எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். செல்வமலர் அவனைச் சமாதானப்படுத்தினாள்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பங்குத் தந்தை தொன் கார்மெலோ முன்வரிசையில் இருந்தார். பிரிட்ஜ் வந்த மட்டைப் பெட்டிகளை ஒட்டிச் செய்த கல்லறை மேடையின் நடுவில் நின்றது. அதற்குள் றொனி வெள்ளை அங்கியில் தயாராக இருந்தான். வெளியே டெல்மர் ஈட்டியோடு நின்றார். பெண்கள் அழுதார்கள், பாடகர் குழு பாடியது, எல்லாம் சரியாகவே போனது. நிலநடுக்கம் வரவேண்டிய இடத்தில், திரைக்குப் பின்னாலிருந்த ஸ்ரான்லி, உணவகத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு பெரிய இரும்புப் போறணைத் தட்டுகளை ஒன்றோடொன்று அடித்தான்.

ஒத்திகையில் தட்டு அடிக்கவில்லை. அன்றுதான் முதல் முறை.

டெல்மர் முழங்காலில் நிற்கத்தான் போனார். அதை அவர் பிறகும் பலமுறை சத்தியம் செய்து சொன்னார். ஆனால் முப்பது வருடமாக அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய உடம்புக்குத் தெரியும், அது அவரைக் கேட்கவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. ஈட்டி சுழன்று பறந்தது. அவர் ஒரு பக்கம் தள்ளாடி, மேடையோரத்தில் மட்டையால் செய்து நிறுத்தியிருந்த ஒலிவ மரத்தைப் பிடித்தார், மரம் சாய்ந்தது. மறுபக்கம் தள்ளாடித் திரையைப் பிடித்தார், திரையில் பாதி கழன்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் கையை நீட்டி, மார்கரெட்டிடம் சொல்லுங்கள், நான் அவளை நேசித்தேன் என்று ஆங்கிலத்தில் முனகினார். மார்கரெட் யார் என்று மூன்றாம் வரிசையில் ஒரு அன்ரி கேட்டதற்கு, அது அந்தச் சேவகனின் மனுசியாயிருக்கும் என்று பக்கத்து அன்ரி சொன்னாள். கடைசியில் அவர் மெதுவாகச் சரிந்து, கல்லறையின் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தார்.

பாடகர் குழு அல்லேலூயாவைத் தொடங்கியது. கல்லறைக் கதவு உள்ளேயிருந்து ஒருக்கால் அசைந்தது, பிறகு நின்றது. றொனி தோளால் இடித்தான். டெல்மர் ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற பாரம். பாடகர் குழு இரண்டாம் முறையும் அல்லேலூயா பாடியது.

மட்டையின் இடுக்கு வழியாக இயேசுவின் குரல் வந்தது. "அண்ணை, கொஞ்சம் அரக்குங்கோ. வெளியில வரேலாமல் இருக்கு."

டெல்மருக்குத் தமிழ் தெரியாது. யாரோ தன் பெயரைச் சொல்லிப் புலம்புவதாக நினைத்து, இறுதியாக ஒருமுறை உடம்பை உதறி இன்னும் ஆழமாகச் செத்தார். சபையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மூன்றாம் அல்லேலூயா தொடங்கியபோது செல்வமலர் மதலேன் மரியாளாக நடித்த பிள்ளையின் முக்காட்டைப் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனாள்.

அவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தபோது அவருடைய மூடிய கண்களின் ஓரத்தால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது நடிப்பில்லை. தான் மறுபடியும் செத்துவிட்டதாகவும், மன்னிக்கும்படியும், இனி எழும்ப வழி தெரியவில்லை என்றும் உதட்டை அசைக்காமல் சொன்னார். எந்தப் படத்திலும் அவரை எழும்பச் சொன்னதில்லை. கட் என்று கத்துவார்கள், அவ்வளவுதான்.

அந்த நேரம் செல்வமலருக்கு ஆங்கிலமும் வரவில்லை, இத்தாலியனும் வரவில்லை. தமிழில்தான் சொன்னாள்.

"எழும்புங்கோ டெல்மர். இண்டைக்கு ஒருத்தரும் செத்துக் கிடக்கேலாது. உள்ளுக்கை ஆள் நிக்குது."

என்ன விளங்கியதோ, அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது. அவர் நிமிர்ந்த அதே நேரம் கதவில் பலமாக இடித்துக்கொண்டிருந்த றொனி, தடை நீங்கியதும் கல்லறையோடு சேர்ந்து முன்னால் வந்து விழப்போனான். டெல்மர் அவனை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். உயிர்த்த ஆண்டவரும் உரோமைச் சேவகனும் கட்டிப்பிடித்தபடி நிற்க, மண்டபமே எழுந்து கைதட்டியது. பலர் அழுதார்கள். தொன் கார்மெலோவும் அழுதார். நற்செய்தியில் இப்படி இல்லைதான், ஆனால் இதில் தவறென்றும் சொல்ல முடியாது என்று அவர் பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னார். றொனி மட்டும் அன்று யாரோடும் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை பகேரியாவில் விருந்துக் காட்சி. டெல்மர் விஷக் கிண்ணத்தைக் குடித்தார். நின்றார். இயக்குநர் மறுபடியும் எடுத்தார். டெல்மர் குடித்துவிட்டு மறுபடியும் நின்றார். முழங்கால் மடியவில்லை என்று அவர் மிகவும் வெட்கத்தோடு சொன்னார். பொழுது சாயும்வரை முயன்ற இயக்குநர், மாளிகைக்கு ஒருநாள் வாடகைதான் பேசியிருந்தபடியால், கதையை மாற்றினார்: மாமாவுக்கு விஷம் ஏறாது. அதனால் பிற்பாதியில் எல்லாத் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவில் மாமா கேக் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தார். படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் மாமாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள், அமெரிக்காவில் அவருக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேடம். இப்போது மூன்றாவது வருடமாக ஓடுகிறது, அதில் அவருக்கு ஒரு தும்மல் தடிமன்கூடப் பிடிக்கவில்லை.

பலெர்மோவில் நிலைமை வேறு மாதிரிப் போனது. அடுத்த வருடம் வேடம் பிரித்தபோது சேவகன் வேடத்துக்கு ஒன்பது பேர் கையுயர்த்தினார்கள். அதில் முதலாவது கை றொனியுடையது. இயேசுவாக நடிக்க ஒருவரும் இல்லை. செல்வமலர் சுற்றிவரப் பார்த்தாள். ஸ்ரான்லி போறணைத் தட்டுகளுக்குப் பின்னால் மறையப் பார்த்தான், மறைய முடியவில்லை.

"நீங்கள்தான் நடிக்கிறியள்" என்றாள்.

"எனக்கு வண்டி இருக்கடியப்பா" என்று ஸ்ரான்லி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

"உயிர்த்த உடம்பு எப்பிடியெண்டு ஆர் கண்டது?"

கல்லறை வாசலை இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் அகலமாக வெட்டவேண்டி வந்தது.