சசிதரன் நின்ற இடம்

முப்பத்திரண்டு வயதுவரை சசிதரன் காலூன்றி நின்ற இடத்தைத் தாண்டி எதுவும் போனதில்லை. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன், உதவித்தொகையில் அமெரிக்கா போய், கல்லூரி ஐஸ் ஹாக்கி மைதானத்தைத் துடைக்கும் பகுதிநேர வேலையில் இருந்தான். ஆட்டக்காரர்கள் அடித்த ரப்பர் வில்லை ஒவ்வொன்றும் அவன் பூட்ஸில் மோதி நின்றது. பயிற்சியாளர் ஒரு சாயங்காலம் முழுக்க அடிக்கவிட்டுப் பார்த்தார். மறுநாளே, சறுக்கவே தெரியாதவனைத் தடுப்பாட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டார். நாலு வருஷம், நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். அவன் நின்ற பக்கம் ஒரு கோல் விழவில்லை. இரண்டு பல் போனது, அவ்வளவுதான். படிப்பு முடிந்தது, விசாவும் முடிந்தது. ஊருக்கு வந்து ரஞ்சனியைக் கட்டிக்கொண்டு ஒரு ஏக்கர் தேயிலை போட்டான்.

தை மாதத்து உறைபனி மேட்டிலிருந்து இறங்கிக் கொழுந்தையெல்லாம் கருக்கிவிடும். முதல் வருஷம், செடிகளை மூடப் புல் சுமந்து போனவன் மூச்சு வாங்கப் பாதையில் நின்றான். பனி அவன் கால்விரலுக்கு முன்னால் நின்றது. அப்புறம் ஊர் விடுமா? எட்டு வருஷம், தை பிறந்தால் விடிகாலையில் அவனைக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். முப்பது குடும்பமும் செடிக்குப் புல் போடுவதையே மறந்துபோனார்கள்.

ஒன்பதாம் வருஷம், அவன் நின்றுகொண்டிருக்கும்போதே ரஞ்சனிக்குப் பிரசவ வலி எடுத்தது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். மேலே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலி சசிதரனின் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்றுவிட்டது. செடிகளுக்குள் புகுந்து சுற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் நின்றது. யாருக்கும் விலக்கில்லை, பெண்டாட்டிக்கும்தான்.

"தம்பி, நகராத. பனி கரையட்டும். நகர்ந்தா முப்பது குடும்பமும் போச்சு" என்றார் கீழ்த்தோட்டத்துச் சுடலைமுத்து.

கரைய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு ஆட்டத்தில் வராத பயம் சசிதரனுக்கு அன்றைக்கு வந்தது. பின்னால் ரஞ்சனியின் முனகல் நின்று, பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தவள் காத்தாயி. பாதையை ஒட்டிய முதல் தோட்டம் அவளுடையது.

"ஏனுங்க தம்பி, முதல்ல கருகறது எங்க செடிதானுங்க. கவாத்து வெட்டி உட்டா மறுக்காத் தழைச்சுக்கும். நகருங்க."

சசிதரன் இடதுகாலை எடுத்து ஒதுங்கினான். நாற்காலி அவனை உரசிக்கொண்டு போனது. "நீங்களும் வாங்க" என்று ரஞ்சனி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஜீப் கிளம்பியது. சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

பனி அசையவில்லை. எட்டு வருஷமாக அங்கேயே நின்று அதற்குப் பழகிப்போயிருந்தது.

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இப்போதும் தை பிறந்தால் பனி அந்த இடம்வரை வந்து நிற்கிறது. சசிதரன் மகளை அணைத்துக்கொண்டு ஏழு மணிவரை தூங்குகிறான். கொழுந்து பறிக்கப் போகும் காத்தாயி, "செத்த தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுப் பாதையில் ஏறுகிறாள். பனியும் தள்ளி நிற்கிறது.