இரண்டாம் படுக்கையறையில் ஆயுத பூஜை

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தது. சென்னைப் புறநகர் நூம்பலில் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு நேர் மேல் வீடு நிர்மலுடையது. மேலே இரவும் பகலும் ஏதோ இரைந்துகொண்டே இருக்கவும், புகார் சொல்லப் படியேறினேன். காபி கொடுத்தார்கள். புகாரை மறந்து கதையோடு இறங்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆவடிக்குப் போகும் முதல் மின்ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு…'

(வேண்டாம். இந்தக் கதையில் ரயில் இல்லை. பனியும் இல்லை. அந்த அறையில் இருப்பது வெக்கை.)

2

நிர்மல் கரூர்க்காரன், ஐ.டி. வேலை. இரண்டாம் படுக்கையறையில் கிரிப்டோ நாணயம் எடுக்கும் இயந்திரத்தைத் தன் கையாலேயே கட்டியிருக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெட்டி வாங்கிய இரும்புச் சட்டம், ரிச்சி தெருவில் பேரம் பேசிய பழைய கிராஃபிக்ஸ் கார்டுகள், அவற்றைக் குளிர்விக்க வரிசையாக மின்விசிறிகள். பார்ப்பதற்குச் செருப்பு ஸ்டாண்டுக்கு சீரியல் லைட் போட்டதுபோல் இருக்கும். அவன் அதை 'டேட்டா சென்டர்' என்கிறான். இணையத்தில் தன் பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று போட்டிருக்கிறான்.*

* ஊழியர்கள் என்று பார்த்தால் மின்விசிறிகள்தாம்.

இயந்திரம் செய்வது இவ்வளவுதான்: ஓர் எண்ணை ஊகிக்கும். தவறினால் அடுத்த எண். உலகெங்கும் இப்படி இயந்திரங்கள் ஊகித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் சரியாகச் சொன்னவருக்கு நாணயம். விவரமானவர்கள் கூட்டுச் சேர்ந்து ஊகித்து, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நிர்மல் சேரவில்லை. பங்கு கொடுக்க மனமில்லை. இதுவரை கிடைத்த பூஜ்யம் முழுக்க அவனுடையதுதான்.

3

நிர்மலை முட்டாளாக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவன் முட்டாள் இல்லை, அதுதான் தொந்தரவு.

அந்த அறை உண்மையில் அவன் மனைவி எழிலரசிக்குச் சொன்னது. வீடு பார்க்க வந்த அன்றே, "இது உன் பாட்டு கிளாஸுக்கு" என்றவன் அவன்தான். இப்போது விசிறி இரைச்சலில் சுருதி எங்கே கேட்கும்? அறையைக் கேட்டாலோ, "ஒரே ஒரு காயின் விழட்டும், உனக்குத் தனி ஹாலே வாங்கித் தர்றேன்" என்பான். அதுவரை இயந்திரம் நிற்கக்கூடாது. நிறுத்துகிற நிமிஷத்தில்தான் அந்த எண் வருமாம்.

[இங்கே எழிலரசியை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அழுகிற ஆள் இல்லை அவள். பத்தியை அடித்துவிட்டேன்.]

4

ஆயுத பூஜை வந்தது. அசோசியேஷன் செயலாளர் பரந்தாமன், தண்ணீர் மோட்டாருக்கும் லிஃப்ட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு நிர்மல் வீட்டுக்கு வந்தார். பொரி கிடைக்கும் என்று நானும் பின்னால் போனேன்.

"இன்னா நிர்மலு, உள்ள மாவு மில்லு ஓடுதா?"

"டேட்டா சென்டர், சார்."

"இன்னாவோ ஒண்ணு. நிறுத்து, பூஜை போட்டுடலாம்."

"இத நிறுத்தக் கூடாது சார். உலகம் பூரா ஓடிக்கிட்டிருக்கு."

"இன்னிக்கு பூஜைக்கு லாரியே நிக்குது நைனா. இது ஓடிகினே இருந்தா சந்தனம் எங்க வெக்கறது, ஃபேன் றெக்கையிலயா?" இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ஆமா, வாங்கனதுலேர்ந்து இதுக்குப் பூஜையே போடலயா?"

"இல்ல சார்."

"அதான். பூஜை போடாத மெஷினு எப்டி துட்டு குடுக்கும்?"

நிர்மலின் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்காகத் தேடிய கோளாறு பிடிபட்டுவிட்ட பொறியாளரின் முகம். மறுபேச்சில்லாமல் சுவிட்சை அணைத்தான்.

அறையில் சத்தம் நின்றது. சந்தனம், குங்குமம், கற்பூரம். கற்பூரம் அணைவதற்குள் நிர்மலின் கை மறுபடி சுவிட்சுக்குப் போனது.

"பூஜையில வெச்சத அன்னிக்கே எடுக்கக் கூடாதுங்க," என்றாள் எழிலரசி. "நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரம் பாத்து ஆன் பண்ணுங்க."

"கரெக்டு," என்றார் பரந்தாமன், வாய் நிறையப் பொரியோடு.

அன்று மாலை எழிலரசி யார் யாருக்கோ போன் செய்தாள்.

5

விஜயதசமி, பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்க்கும் நாளும்கூட. (இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எழிலரசி சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.)

காலையில் நிர்மல் குளித்து, திருநீறு பூசி வந்தபோது அறையில் பாய் விரித்திருந்தது. அடுக்ககத்துப் பிள்ளைகள் வெற்றிலை பாக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே சுருதிப் பெட்டியோடு எழிலரசி. அவள் முதுகுக்குப் பின்னால், பொட்டு வைத்த இயந்திரம்.

"எழில், கொஞ்சம் நகரு. நல்ல நேரம் போயிடும்."

"எனக்கும் அதே நல்ல நேரம்தாங்க."

"ஆன் மட்டும் பண்ணிட்டுப் போயிடறேன்."

"பண்ணா அப்புறம் நிறுத்த மாட்டீங்களே."

6

முடிவுக்கு வருவோம்.

அவன் ஆன் செய்ய, நாணயம் விழுகிறது. இதை எழுத மாட்டேன். உங்கள் மச்சான் நாளைக்கே ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுவார்.

அல்லது சந்தன ஈரத்தில் கார்டு புகைந்துபோகிறது. நீதி கேட்பவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் எழிலரசி ஜெயிக்க ஒரு ஷார்ட் சர்க்யூட் எதற்கு?

அல்லது காலையில் பாட்டு, மற்ற நேரம் இயந்திரம் என்று சமரசம். நிர்மலிடம் பங்கு பேச உங்களுக்குத் தெம்பிருந்தால்…

நான் இதோடு விலகிக்கொள்கிறேன். எழிலரசியின் தலைக்கு மேலாக எட்டிய நிர்மலின் விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று உங்களைத்தான் பார்க்கிறான். எழிலரசி பார்க்கவில்லை. அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.